‘சொல்லி அனுப்புகிறோம்’ என்ற பிறகு

இன்டர்வியூ முடித்துவிட்டு வருகிறவர்களிடம் "எப்ப பதில் சொல்றதா சொன்னாங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "சொல்லி அனுப்புறோம்னாங்க" என்பார்கள். "யார் சொன்னது?" என்றால் "அங்க ஒரு மேடம்" என்பார்கள். தேதி இல்லை; பெயர் இல்லை. அடுத்த ஒரு மாதம் படப்போகும் அவஸ்தையில் பெரும்பகுதி இந்த இரண்டும் கையில் இல்லாததால் வருவது. அதனால் இந்த அத்தியாயத்தை இன்டர்வியூவுக்குக் கிளம்பும் முன்பே படித்துவிடுவது நல்லது. ஏற்கெனவே முடித்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறவர் என்றால், முதல் பகுதியை விட்டுவிட்டு நேராக இரண்டாவதற்குப் போங்கள். அடுத்த இன்டர்வியூவுக்கு முன் மறக்காமல் திரும்பி வாருங்கள்.

எழுந்து வருவதற்கு முன்

இன்டர்வியூவின் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். நம்மில் பலர் "ஒண்ணும் இல்ல சார், தேங்க்யூ சார்" என்று எழுந்துவிடுகிறோம். வீட்டிலும் பள்ளியிலும் பெரியவர்களிடம் எதிர்க்கேள்வி கேட்காமல் வளர்ந்தவர்களுக்கு அந்த இடத்தில் வாய் திறப்பது எளிதில்லை என்பது தெரியும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அந்தக் கேள்வியை எதிர்பார்த்தே கேட்கிறார். இப்படிப் பேசலாம்:

"இன்னும் எத்தனை ரவுண்டு இருக்கு சார்? முடிவு எப்ப தெரியும்?"

"இன்னும் சில பேரைப் பாக்கணும். ரெண்டு வாரம் ஆகலாம்."

"சரிங்க சார். அப்ப 20ஆம் தேதிக்கு மேல நான் யாரைக் கேக்கலாம்?"

"உங்களுக்கு மெயில் அனுப்பினாங்கல்ல, எச்.ஆர்.ல அவங்களையே கேளுங்க."

இவ்வளவுதான். ‘ரெண்டு வாரம்’ என்று அவர் சொன்னதை நீங்கள் ‘20ஆம் தேதி’ என்று மாற்றியதைக் கவனியுங்கள். வாரம் என்பது இழுத்துக்கொண்டே போகும், தேதி நகராது. அதற்குப் பிறகு நீங்கள் கேட்பது நச்சரிப்பாகத் தோன்றாது, ஏனென்றால் கேட்கச் சொன்னவரே அவர்தான். வெளியே வந்ததும் அந்தத் தேதி, உங்களைப் பார்த்தவர்களின் பெயர், பதவியின் சரியான தலைப்பு, அறிவிப்பில் எண் இருந்தால் அந்த எண் ஆகியவற்றை எழுதிக்கொள்ளுங்கள். என்ன கேட்டார்கள், எதற்குத் திணறினீர்கள் என்பதையும் அன்றைக்கே எழுதிவைக்க வேண்டும். இரண்டு நாள் கழிந்தால் நினைவு தனக்கு வசதியானதை மட்டும் வைத்துக்கொள்ளும்.

நூற்றுக்கணக்கானோர் வரும் வாக்-இன் இன்டர்வியூ என்றால் இதற்கெல்லாம் இடம் கிடைக்காது. அங்கே டோக்கனையோ பதிவு எண்ணையோ படம் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையை நடத்துகிறவரின் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையில் பெயர் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, முடிவு மெயிலில் வருமா போனிலா என்பதை மட்டுமாவது அவரிடம் கேட்டுவிடுங்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனி, கோவையில் பம்ப் தயாரிக்கும் பட்டறை, சிவகாசியில் அச்சகம் என்றால் நடைமுறையே வேறு. முடிவெடுப்பவர் முதலாளி ஒருவர்தான். அவர் வெளியூரில் இருந்தால் பதில் வராது, திரும்பி வந்தால் வரும். இங்கே மெயில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதில் பயனில்லை. மேனேஜரிடமோ கணக்குப் பார்ப்பவரிடமோ போன் எண் வாங்கிக்கொண்டு, சொன்ன நாளில் நேரில் போய் நின்றாலும் தவறாக நினைக்க மாட்டார்கள். அக்கறை உள்ளவர் என்று எடுத்துக்கொள்ளும் முதலாளிகளே அதிகம். அதையே சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஐ.டி. நிறுவனத்தில் செய்தால் வாசல் காவலரைத் தாண்ட முடியாது.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது

பதில் வராத ஒவ்வொரு நாளும் மனம் ஒரே திசையில்தான் ஓடும்: நான் எங்கே தப்புச் செய்தேன்? சம்பளம் அதிகமாகக் கேட்டுவிட்டேனோ, ஆங்கிலம் தடுமாறியதோ, கல்லூரிப் பெயரைப் பார்த்தார்களோ என்று. இதில் ஏதோ ஒன்று உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நிறுவனம் வாயை மூடிக்கொண்டிருப்பதற்கான காரணங்களில் பல உங்களோடு சம்பந்தப்படாதவை. அவற்றைத் தெரிந்துகொண்டால் மனம் ஆறும் என்பதற்காக மட்டும் இதை எழுதவில்லை. எந்தக் காரணம் என்று ஊகிக்க முடிந்தால், யாரிடம் எதைக் கேட்பது என்பதும் பிடிபடும்.

ஐ.டி. துறையில் வேலையை விடும் ஊழியருக்கு 60 முதல் 90 நாள் வரை நோட்டீஸ் பீரியட் வழக்கமாகிவிட்டது. என் கணிப்பில், அந்தத் துறையின் மௌனத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. ஒரு காலியிடத்துக்கு இரண்டு பேர் பிடித்துப்போகிறார்கள் என்று வையுங்கள். முதலாமவருக்கு ஆஃபர் லெட்டர் போகிறது. அவர் தன் பழைய நிறுவனத்தில் 90 நாள் கழித்தாக வேண்டும். அந்த மூன்று மாதத்தில் கையில் உள்ள ஆஃபரைக் காட்டி வேறு இடங்களில் இன்னும் நல்ல சம்பளம் பேசுகிறார். பழைய நிறுவனமே சம்பளத்தைக் கூட்டி நிறுத்திக்கொள்ளவும் பார்க்கிறது. சேரும் நாள் காலைவரை அவர் வருவாரா மாட்டாரா என்பது எச்.ஆருக்குத் தெரியாது. இரண்டாமவர் நீங்கள். ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் 1 என்று டிக்கெட் வைத்திருப்பவரின் நிலைதான் உங்களுடையது. முன்னால் இருப்பவர் ரத்து செய்தால் இடம், இல்லாவிட்டால் இல்லை. ஒரு வித்தியாசம், ரயில்வே உங்கள் எண்ணைச் சொல்லிவிடுகிறது, நிறுவனம் சொல்வதில்லை. "உங்களை எடுக்கவில்லை" என்று சொன்னால் நீங்கள் கைநழுவிப் போவீர்கள். "எடுத்துவிட்டோம்" என்று சொல்ல இடம் இல்லை. ஆகவே எதுவும் சொல்லாமல் இருக்கிறார்கள்.

அடுத்த காரணம் பணம். ஒரு காலியிடம் அறிவிக்கப்பட்டுவிட்டாலே அதற்கான ஒப்புதல் உறுதி என்று நினைக்கிறோம். ஆனால் இன்டர்வியூ நடந்துகொண்டிருக்கும்போதே மேலிடம் ஆள் சேர்ப்பை நிறுத்தச் சொல்லலாம். நிதியாண்டு மார்ச்சில் முடிவதால், ஜனவரிக்குப் பிறகு பல அலுவலகங்களில் "ஏப்ரலில் பார்ப்போம்" என்று கோப்பு ஒதுங்கிவிடும். அதே ஏப்ரல், மே மாதங்களில் போனஸையும் சம்பள உயர்வையும் வாங்கிக்கொண்டு பலர் வேலையை விடுவதால் இடங்கள் திடீரென்று திறக்கும். பிப்ரவரியில் மௌனமாகிப்போன நிறுவனத்துக்கு மே மாதத்தில் மறுபடி எழுதுவது வீண் முயற்சியில்லை.

ஐ.டி. சேவை நிறுவனங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து புராஜெக்ட் வரும் என்ற நம்பிக்கையில் முன்கூட்டியே ஆள் பார்த்து வைப்பார்கள். புராஜெக்ட் கையெழுத்தாகவில்லை என்றால் அந்த இடமே இருக்காது. கையெழுத்தானாலும், புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் சொந்த ஊழியர்களில் பொருத்தமானவர் இருக்கிறாரா என்று முதலில் பார்ப்பார்கள். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பதில் சொல்லியிருந்தாலும் அந்தக் கணக்கில் அது வராது. "இது புது இடமா, ஏற்கெனவே ஒருவர் விட்டுப்போன இடமா? புராஜெக்ட் தொடங்கிவிட்டதா?" என்று இன்டர்வியூவிலேயே கேட்டு வைத்தால் பின்னால் பல இரவுகள் தூக்கம் கெடாது.

கன்சல்டன்சி வழியாகப் போனவர்கள் அவர்களுடைய கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். நிறுவனம் அவர்களுக்குத் தரும் கட்டணம் பரவலாக ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது உங்கள் ஒரு மாதச் சம்பளம். நீங்கள் சேர்ந்தால்தான் அந்தப் பணம். இன்டர்வியூவுக்கு முந்தின நாள் ஐந்து முறை கூப்பிட்டவர், முடிவு பாதகமானதும் போனை எடுக்காமல் போவது இதனால்தான்; உங்கள்மேல் அவருக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இங்கே நிறையப் பேருக்குத் தெரியாத ஒரு வம்பும் இருக்கிறது. ஒரே வேலைக்கு இரண்டு கன்சல்டன்சிகள் உங்கள் ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டால், கட்டணம் யாருக்கு என்ற தகராறு வரும். அந்தத் தலைவலி வேண்டாம் என்று நிறுவனம் உங்களையே ஓரங்கட்டிவிடலாம். எந்த கன்சல்டன்சி எந்த நிறுவனத்துக்கு எந்தத் தேதியில் அனுப்பியது என்று எழுதிவையுங்கள். "கம்பெனி பேரை அப்புறம் சொல்றேன், ரெஸ்யூமே மட்டும் அனுப்புங்க" என்பவருக்கு அனுப்பாதீர்கள்.

உங்களை அழைத்த எச்.ஆர். ஊழியரே வேலையை விட்டுப் போயிருக்கலாம். ஆள் எடுக்கும் பணியில் இருப்பவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு ஆள் தேடுகிறவர்கள். அவர் போனதும் அவர் கையிலிருந்த பெயர்கள் அநாதையாகிவிடும்.

இத்தனைக்கும் அப்பால் நேரான காரணமும் உண்டு. வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள், உங்களிடம் "இல்லை" என்று சொல்ல யாருக்கும் மனமில்லை. காரணத்தை எழுத்தில் கொடுத்தால் வழக்கு, வாதம் என்று வளருமோ என்ற பயமும் நிறுவனங்களுக்கு இருக்கிறது. இந்த மனமின்மையையும் பயத்தையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ராமநாதபுரத்திலிருந்து ஒரு பையன் இரவு பஸ் ஏறி, விடிகாலையில் கிளாம்பாக்கத்தில் இறங்கி, பஸ் நிலையத்திலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு சோழிங்கநல்லூருக்கு வந்து சேர்கிறான். போக வர டிக்கெட்டும் ஒரு நாள் கூலியும் அவன் வீட்டுக்குப் பெரிய தொகை. அவனுக்கு இரண்டு வரி மெயில் அனுப்ப ஆகும் நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதற்குச் சில அறிகுறிகள் உண்டு. கடைசி மூன்று மாத பே ஸ்லிப், படிவம் 16, பழைய நிறுவனத்தின் ரிலீவிங் லெட்டர் ஆகியவற்றைக் கேட்டார்கள் என்றால் உங்களைத் தீவிரமாகப் பார்க்கிறார்கள். நோட்டீஸ் பீரியடைக் குறைக்க முடியுமா, பணம் கட்டி முன்னதாக வெளியேற முடியுமா என்று கேட்டாலும் அப்படியே. சிரித்துப் பேசினார்கள், டீ கொடுத்தார்கள், ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள் என்பதையெல்லாம் அறிகுறியாக எடுக்காதீர்கள்.

எப்போது, எப்படிக் கேட்பது

இன்டர்வியூ நடந்த அன்று மாலையே ஒரு மெயில் அனுப்புங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், பொருள் இப்படி இருக்கட்டும்: "இன்று காலை இன்ன பதவிக்கான இன்டர்வியூவில் கலந்துகொண்டேன். நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. 20ஆம் தேதிவாக்கில் முடிவு தெரியும் என்று சொன்னார்கள். ஏதேனும் சான்றிதழ் தேவைப்பட்டால் அனுப்பிவைக்கிறேன்." நன்றி சொல்வது மரியாதைக்கு. உண்மையான பயன், வாய்வார்த்தையாகச் சொன்ன தேதி எழுத்தில் பதிந்துவிடுவது.

அந்தத் தேதி கடந்து இரண்டு வேலைநாள் பொறுங்கள். பிறகு அதே மெயிலுக்குக் கீழேயே பதிலாக எழுதுங்கள். புதிதாக ஒன்று தொடங்கினால் நீங்கள் யார் என்று அவர் தேட வேண்டும். இரண்டே வரி போதும். ஒரு வாரம் கழித்தும் பதில் இல்லையென்றால் மூன்றாவதும் கடைசியுமான மெயில். இதில் அவர் ‘இல்லை’ என்று சொல்வதற்கு நீங்களே வழி செய்து கொடுக்க வேண்டும்: "இந்த இடம் நிரம்பிவிட்டது என்றாலோ நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்றாலோ ஒரு வரி தெரிவித்தால் உதவியாக இருக்கும். மற்ற வாய்ப்புகளைப் பற்றி நான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது." ‘இல்லை’ என்று சொல்லக் கூசுகிறவருக்கு இந்த வாசகம் சுமையை இறக்கிவைக்கிறது. அதன் பிறகு எழுத வேண்டாம்.

போன் செய்வதானால் திங்கள்கிழமை காலையும் வெள்ளிக்கிழமை மாலையும் வேண்டாம். மற்ற நாட்களில் முற்பகல் 11 மணிக்கு மேல் நல்லது. என்ன கேட்கப்போகிறீர்கள் என்பதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள்.

"வணக்கம் மேடம். 6ஆம் தேதி அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் இன்டர்வியூவுக்கு வந்திருந்தேன். ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

"சொல்லுங்க."

"20ஆம் தேதிக்குள்ள தெரியும்னு சொல்லியிருந்தாங்க. இப்ப எந்த நிலையில இருக்குன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும்."

"அது ஹோல்டுல இருக்குங்க."

"சரிங்க மேடம். அந்தப் போஸ்ட்டே ஹோல்டா, இல்ல என் புரொஃபைல் மட்டும் ஹோல்டா?"

இந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். போஸ்ட்டே நிறுத்தப்பட்டிருந்தால் அது பணம் அல்லது புராஜெக்ட் விவகாரம். எப்போது திறக்கும் என்று கேட்டு அந்த மாதத்தைக் குறித்துக்கொள்ளலாம். உங்கள் புரொஃபைல் மட்டும் என்றால், முன்னால் ஒருவர் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸாப்பில் செய்தி அனுப்புவது, அவர்களாக அதில் உங்களைத் தொடர்புகொண்டிருந்தால் மட்டும். இரவு பத்து மணிக்கு வேண்டாம். நீல டிக் வந்தும் பதில் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பது மெயிலுக்குக் காத்திருப்பதைவிடக் கொடுமை. உங்களை இன்டர்வியூ செய்த மேலாளருக்கு லிங்க்ட்இன்னில் ஒரு முறை எழுதலாம். அவரது சொந்த எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிடக் கூடாது. அப்பாவோ மாமாவோ உங்களுக்காகப் போன் செய்து விசாரிப்பதை அன்போடு தடுத்துவிடுங்கள்.

அதே மாமா அந்த நிறுவனத்தில் வேலை பார்த்து, அவர் வழியாக ரெஃபரலில் போயிருந்தால் கதை வேறு. பெரிய நிறுவனங்களில், பரிந்துரைத்த ஊழியருக்கு உள் போர்ட்டலில் உங்கள் விண்ணப்பத்தின் நிலை தெரியும். "மாமா, நீங்க யார்கிட்டயும் சொல்ல வேணாம், போர்ட்டல்ல என்ன போட்டிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கேளுங்கள். சிபாரிசுக்கும் இதற்கும் தூரம் அதிகம். அவருக்கும் சங்கடம் இல்லை.

உங்களிடம் உள்ள ஒரே வலுவான பிடி, வேறு இடத்து ஆஃபர். "இன்னொரு நிறுவனத்துக்கு 28ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும், உங்கள் வேலையில்தான் எனக்கு அதிக விருப்பம்" என்று எழுதினால் தூங்கும் கோப்பும் எழுந்து உட்காரும். இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லாதீர்கள். அந்தக் கடிதத்தின் நகலை அனுப்புங்கள் என்று எச்.ஆர். கேட்பது சாதாரணம்.

வீட்டுக்கும் ஒரு தேதி

காத்திருக்கும் நாட்களில் போனைவிடப் பெரிய தொல்லை, "என்னப்பா ஆச்சு?" என்ற கேள்வி. தினமும் சாயங்காலம் அப்பா கேட்பார். ஞாயிற்றுக்கிழமை சித்தி கேட்பார். அவர்கள் கேட்பது அக்கறையில்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் நீங்கள் தோற்றதாக ஒப்புக்கொள்வது போல் இருக்கும். நிறுவனத்திடம் வாங்கிய தேதியை வீட்டிலும் சொல்லிவிடுங்கள்: "20ஆம் தேதிக்கு முன்னாடி எதுவும் வராதுப்பா. வந்தா நானே முதல்ல சொல்றேன்." தேதி தெரிந்தவுடன் வீட்டாரின் பதற்றம் பாதியாகக் குறைவதைப் பார்ப்பீர்கள்.

துரைப்பாக்கத்திலோ வேளச்சேரியிலோ ஹாஸ்டலில் தங்கி வேலை தேடுகிற பெண்களுக்கு ஒவ்வொரு மாத வாடகையும் ஒரு கெடு. "இந்த இன்டர்வியூ முடிவு வந்ததும் ஊருக்குப் போகலாமா வேண்டாமா என்று பார்க்கலாம்" என்று ஒற்றை நிறுவனத்தின் பதிலில் அந்த முடிவைக் கட்டிவைக்காதீர்கள். கையில் உள்ள பணம் எத்தனை மாதத்துக்கு வரும் என்று கணக்கிட்டு, தங்கும் கெடுவை அதை வைத்து முடிவு செய்யுங்கள். காத்திருக்கும் இரண்டு வாரத்தில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தவே கூடாது. நௌக்ரி போன்ற தளங்களில் அண்மையில் புதுப்பித்த புரொஃபைல்களே ஆள் தேடுகிறவர் கண்ணில் முதலில் படும். வாரத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒரு வரியையாவது திருத்தி வையுங்கள்.

கடிதம் வரும்வரை எதுவும் உறுதியில்லை

"நீங்க செலக்ட் ஆயிட்டீங்க, ஆஃபர் லெட்டர் வரும்" என்று போனில் சொல்லிவிட்டு அமைதியாகிவிடும் நிறுவனங்கள் உண்டு. இதுதான் மௌனத்தில் மிகக் கொடியது, ஏனென்றால் இந்த ஒரு போனை நம்பிக் கையில் இருக்கும் வேலையை ராஜினாமா செய்துவிடுகிறார்கள். சம்பளமும் சேரும் தேதியும் எழுதிய கடிதம் நிறுவனத்தின் அதிகாரபூர்வ மெயில் முகவரியிலிருந்து வரும்வரை ராஜினாமா செய்யாதீர்கள். மற்ற வாய்ப்புகளை வேண்டாம் என்றும் சொல்லாதீர்கள்.

புதிதாகப் படிப்பை முடித்தவர்கள் கடிதம் வந்த பிறகும் கவனமாக இருக்க வேண்டும். 2022இல் படிப்பை முடித்து இன்ஃபோசிஸ் ஆஃபர் பெற்ற சுமார் 2,000 பேர் 2024 வரை சேரும் தேதி இல்லாமல் காத்திருந்தார்கள். ஐ.டி. ஊழியர் அமைப்பு ஒன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்திடம் புகார் கொடுத்து விஷயம் செய்தியான பிறகே, அவர்களைச் சேர்த்துக்கொள்வதாக நிறுவனம் உறுதி சொன்னது. 2023 பிப்ரவரியில் விப்ரோ, ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் என்று ஆஃபர் கொடுத்திருந்த புதியவர்களிடம் 3.5 லட்சத்துக்குச் சேர முடியுமா என்று கேட்டது. பெரிய பெயர், அச்சடித்த கடிதம் எல்லாம் இருந்தும் நடந்தது இது. சேரும் தேதி எழுதாத கடிதத்தை வைத்துக்கொண்டு வேறு வேலை தேடுவதை நிறுத்த வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

பதிலுக்கு ஏங்கிக்கொண்டிருப்பவரை மோசடிக்காரர்கள் எளிதில் பிடித்துவிடுவார்கள். ரெஸ்யூமே பல கைகள் மாறியிருக்கும். எங்கே இன்டர்வியூவுக்குப் போனீர்கள் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். "உங்க இன்டர்வியூ கிளியர் ஆயிடுச்சு, லேப்டாப்புக்கு டெபாசிட் மட்டும் கட்டிடுங்க" என்று கூப்பிடுவார்கள். ‘டாக்குமென்ட் சரிபார்ப்புக் கட்டணம்’ என்றும் சொல்வார்கள். வேலைக்கு எடுக்கும் எந்த நல்ல நிறுவனமும் உங்களிடம் பணம் கேட்காது. பணம் என்ற பேச்சு வந்தவுடன் அழைப்பைத் துண்டித்துவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணில் கூப்பிட்டு விசாரியுங்கள். ஏற்கெனவே பணம் போய்விட்டதென்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். விரைவாகச் சொன்னால் பணம் கைமாறும் முன் கணக்கை முடக்க வாய்ப்பிருக்கிறது.

சட்டம் எதுவரை உதவும்

இந்தியாவில், இன்டர்வியூவுக்கு வந்தவருக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று தனியார் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. அரசு அலுவலகம், பொதுத்துறை நிறுவனம், அரசு வங்கி என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 கைகொடுக்கும். உங்கள் இன்டர்வியூ மதிப்பெண், தேர்வு எந்த நிலையில் இருக்கிறது ஆகியவற்றை எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மத்திய அரசு நிறுவனங்களுக்குக் கட்டணம் 10 ரூபாய். தேர்வுக் குழுவில் இருந்தவர்களின் பெயர்களைக் கேட்டால் கிடைக்காது. அவற்றை வெளியிடத் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது.

கனடாவில் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் டொரன்டோவும் ஸ்கார்பரோவும் அடங்கிய ஒன்டாரியோ மாகாணத்தில், 2026 ஜனவரி 1 முதல் 25 ஊழியர்களோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களுக்கு ஒரு கடமை வந்திருக்கிறது. பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு இன்டர்வியூ செய்தவர்களிடம், கடைசி இன்டர்வியூவிலிருந்து 45 நாளுக்குள், ஆள் எடுக்க முடிவாகிவிட்டதா என்பதைத் தெரிவிக்க வேண்டும். அங்கே வேலை தேடும் உறவினர் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். இங்கும் இப்படி ஒரு விதி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 45 நாள்கூட அதிகம் என்பேன்.

கோப்பை மூடுவதும், பிறகு வரும் அழைப்பும்

மூன்றாவது மெயிலுக்கும் பதில் இல்லாமல் ஒரு வாரம் போனால், உங்கள் நோட்டில் அந்த நிறுவனத்தின் பெயருக்கு எதிரே ‘முடிந்தது’ என்று நீங்களே எழுதிவிடுங்கள். அவர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கூடவே அன்று திணறிய கேள்விகளை எடுத்துப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் இப்போது பதில் சொல்ல முடியுமா என்று சோதியுங்கள். அதே நிறுவனத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதம் இடைவெளி கேட்பது பல இடங்களில் வழக்கம். அந்தத் தேதியையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் கடைசியாகக் காரமாக ஒரு மெயில் எழுதத் தோன்றும். எழுதி, அனுப்பாமல் அழித்துவிடுங்கள். ஆள் எடுப்பவர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறுகிறவர்கள், அதே நபரை வேறொரு மேசையில் சந்திக்க நேரும்.

மூடிய கோப்பிலிருந்து மூன்று மாதம் கழித்து அழைப்பு வருவதும் நடக்கும். முதலாமவர் சேரவில்லை, அல்லது சேர்ந்து ஒரு மாதத்தில் விட்டுவிட்டார் என்பதுதான் பெரும்பாலும் காரணம். உடனே "சரிங்க, எப்ப வரணும்?" என்று சொல்லிவிடாதீர்கள். அதே பதவியா, அதே மேலாளரின் கீழா, அதே ஊரா என்று முதலில் கேளுங்கள். "முதலில் சேர்ந்தவர் ஏன் விட்டார்?" என்று மரியாதையாகக் கேட்பதிலும் தவறில்லை, அதற்கு அவர்கள் தடுமாறினால், அந்த நிறுவனத்தில் வேலை பார்க்கும் யாரையாவது பிடித்து விசாரித்துவிடுங்கள். அவசரமாக ஆள் தேவைப்படுவதால் சம்பளம் பேச இது உங்களுக்குச் சாதகமான நேரம். மூன்று மாதம் முன்பு சொன்ன தொகையையே திரும்பச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இடையில் உங்கள் சம்பளம் உயர்ந்திருந்தால் அதைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு நாள் அவகாசம் கேட்டு வாங்குங்கள். பேசியதெல்லாம் கடிதத்தில் வந்த பிறகு, சேரும் தேதியைச் சொல்லுங்கள்.